முஸப்பா தொடாத காபி

எங்கள் அரபு ஊரில் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். என் வீட்டுக்காரர் மர்ஹூன் சொந்த அண்ணனைத் தவிர எல்லோரிடமும் கேட்டுவிட்டார். அதற்குக் காரணம் நான்தான். அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஒட்டகத்திடமிருந்து தொற்றும் சளிக்காய்ச்சல் அந்த வருஷம் பரவியிருந்தது. மர்ஹூனுக்குச் சர்க்கரை வேறு. "பட்டிப் பக்கம் போகாதீங்க. பாலைக் காய்ச்சாமக் குடிக்காதீங்க. இருமுறவங்ககிட்ட நெருங்காதீங்க. காய்ச்சல் வந்தா பயணமே கிடையாது" என்று நர்ஸ் சொல்லியனுப்பினாள். பச்சைப் பாலை நிறுத்தியதற்கே எங்கள் ஆள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

விடைகொடுக்க வந்த அவர் அண்ணன் முஸப்பா மச்சான் நேராக ஒட்டகப் பட்டியிலிருந்து வந்தார். சட்டையெல்லாம் ஒட்டக மயிர், லொக்கு லொக்கென்று இருமல். எங்கள் வழக்கப்படி தம்பியின் மூக்கில் மூக்கை வைத்து ஸலாம் சொல்லக் குனிந்தார். நான் காபிக் கூஜாவோடு நடுவில் போய் நின்றேன்.

"மச்சான், இந்தத் தடவை கையை நெஞ்சுல வச்சுக்கங்க, போதும்."

மர்ஹூன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்வாங்கினார்.

"எம் மூக்கு உனக்கு நாறுதாடா?" என்றார் முஸப்பா. காபியைத் தொடாமலே போய்விட்டார்.

அதன்பின் போனையும் எடுக்கவில்லை. "அண்ணன் மன்னிக்காம நான் அங்க போய் என்னடி பிரயோஜனம்?" என்று மர்ஹூன் சோற்றைத் தள்ளி வைத்தார்.

புறப்படும் காலையில் பஸ்ஸில் ஏறியும் அவர் கண் ரோட்டிலேயே இருந்தது. தூரத்தில் ஒரு கார் நின்றது. தலைப்பாகைத் துணியால் மூக்கையும் வாயையும் சுற்றிக்கொண்டு முஸப்பா இறங்கினார். கிட்டே வராமல் வன்னி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காய்ச்சல்டா. ஆஸ்பத்திரில சேரப் போறேன்."

மர்ஹூன் பதறி எழுந்தார்.

"உக்காருடா. இறங்கினா மன்னிப்புக் கிடையாது."

"இறங்கலேன்னா?" மர்ஹூன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அன்னிக்கே மன்னிச்சாச்சு. எனக்கும் சேர்த்து துஆ கேளு." பிறகு, வழியனுப்பக் காபிக் கூஜாவோடு பஸ் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். "ஷம்சா, அந்தக் காபி இருக்கா?"

ஒரு கோப்பை ஊற்றி, நடுவில் கிடந்த கல்லின் மேல் வைத்துவிட்டு விலகி வந்தேன். அவர் மெல்ல வந்து எடுத்துக்கொண்டு மரத்தடிக்கே திரும்பினார். பஸ்ஸில் எல்லோரும் பார்க்க, துணியை இறக்கிக் குடித்து முடித்தார்.

"கோப்பையை நீங்களே வச்சுக்கங்க, மச்சான்" என்றேன்.