தூளி முடிச்சு

உங்கள் ஊரில் கூடுகள் ஒழுங்காக மக்கிவிடுகின்றனவா? தவமணியின் ஊரில் இந்த வருஷம் மக்கவில்லை.

அலை அரித்த கரையில் அலையாத்திக் கன்று நட்டு, ஒவ்வொன்றையும் சுற்றித் தென்னை நார்க் கயிற்றால் கூடு கட்டுவார்கள். கன்று வேர் பிடிக்கும்வரை கூடு அலையைத் தடுக்கும். பிறகு மக்கிச் சேறாகிவிடும். இந்த முறை கட்டியவர்கள் எல்லாருமே கைப்பிள்ளைக்காரிகள். பழக்கதோஷத்தில் கை, பிள்ளைக்குத் தொட்டில் கட்டும் தூளி முடிச்சைப் போட்டுவிட்டது. தூளி முடிச்சு போட்ட கூடு, உள்ளே இருப்பது தூங்கும்வரை விடாது. கன்றுகளுக்கோ தூங்கத் தெரியாது.

மழைக்காலம் வருவதற்குள் கூடு விடாவிட்டால் வேர் நெரிந்து கன்று செத்துவிடும். கன்று செத்தால் அடுத்த புயலில் கடல் நேரே தவமணியின் தெருவுக்குத்தான் வரும். போன தடவை வந்து அவள் அடுப்பைக் கொண்டுபோனது. இன்னும் திருப்பித் தரவில்லை.

ஆகவே பெண்கள் பிள்ளைகளை மாமியார்களிடம் விட்டுவிட்டு, முழங்கால் சேற்றில் நின்று கூடுகளை ஆட்டினார்கள். பகலெல்லாம் இங்கே ஆட்டல், இரவெல்லாம் வீட்டில் ஆட்டல். தவமணிக்கு நின்றாலும் கண் சொருகியது, நடந்தாலும் சொருகியது.

"அண்ணி, ஆட்டுறீங்களா, ஆடுறீங்களா?" என்றாள் பக்கத்துக் கூட்டை ஆட்டிய நாத்தனார் ரஞ்சிதம்.

"போடி. உன் பிள்ளை விளக்கு வச்சதும் தூங்கிடுது. என் பிள்ளை கோழிக்கே துணைக்கு முழிக்குது."

"எனக்கும் கயிறெல்லாம் வலிக்குதும்மா," என்றது தவமணியின் கூடு. "உள்ளே யாராவது தூங்கினா விட்டுட்டுப் போயிடுவேன்."

"யாரா இருந்தாலும் சரியா?"

"முடிச்சு ஆள் பார்க்காது."

தவமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கன்றை நசுக்காமல் உள்ளே சுருண்டு படுத்தாள். நண்டு ஒன்று நகர்ந்து தலைக்கு இடம் கொடுத்தது. கூடு ஆடியது. அவள் மூச்சு சீரானதும் முதல் முடிச்சு நெகிழ்ந்தது. நார் நாராகக் கூடு சேற்றில் இறங்க, கன்று வேரை வெளியே நீட்டிச் சோம்பல் முறித்தது.

ரஞ்சிதம் பார்த்தாள். தன் கூட்டுக்குள் தானும் ஏறிப் படுத்தாள். சற்று நேரத்தில் கரை முழுக்கக் குறட்டை.

சாயங்காலம் கடல் ஏறி வந்தது. அதன் இடுப்பில் தவமணியின் அடுப்பு இருந்தது.

"மெதுவா வா," என்றது கன்று. "அம்மா இப்பத்தான் கண்ணசந்திருக்கு. அடுப்பை அங்கே இறக்கி நீயே சோறு வடிச்சிடு. உப்பு மட்டும் போடாதே."