எங்கள் கம்ப்யூட்டரில் ஓடும்

வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அப்பாவின் குறட்டை கூடம் வரைக்கும் கேட்கிறது. நான் போர்வைக்குள் போனை ஒளித்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை அழித்துவிடலாம். ஒரு தட்டு போதும். அழித்தால் நாளைக் காலையில் ஒருவருக்கு வேலை போய்விடும். அழிக்காவிட்டால் எங்கள் வீட்டில் என்ன ஆகும் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொன்னால் கொஞ்சம் தைரியம் வருமோ என்னவோ.

எல்லாம் குண்டூசியால் வந்தது என்று சொல்ல ஆசைதான். குண்டூசி என் வகுப்புத் தோழி. ஆள் ஒல்லி, வாய் கூர்மை. கடலுக்கடியில் நகரம் கட்டும் ஒரு விளையாட்டு புதிதாக வந்திருக்கிறது. வகுப்பில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. "உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஓடுமாடி?" என்று யாரோ என்னைக் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் குண்டூசி, "அவங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல தேதியும் மணியும் நல்லா ஓடும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் கம்ப்யூட்டர் அரதப் பழசு. போட்டதும் அதன் விசிறி போடும் இரைச்சலுக்கு அப்பா, "விமானம் கிளம்புது, எல்லாரும் பெல்ட் போட்டுக்கோங்க" என்பார். அப்பா லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டைப் பழுது பார்க்கப் போன இடத்தில், லிஃப்ட் ஓடாததால் படியில் இறங்கி, உருண்டு விழுந்து காலை முறித்துக்கொண்டார். இந்தக் கதையை வருகிறவர்களிடமெல்லாம் அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் குளிக்க, எழுந்து நிற்க, எல்லாவற்றுக்கும் அம்மா வேண்டும். அதனால்தான் அம்மா ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினாள்.

அம்மாவின் வேலை மற்றவர்கள் வீட்டுச் சமையலறையை வரைவது. எந்த அலமாரி எங்கே, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், வெளிச்சம் எங்கே விழும் என்று நிஜம் மாதிரியே திரையில் காட்டுவாள். எங்கள் சமையலறை அலமாரிக்கு ஒரு கதவே கிடையாது, அது வேறு விஷயம்.

வீட்டில் வேலைக்கு ஏற்பாடு செய்து கொடுக்க ஆபீஸிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். அவர்தான் அங்கே எல்லோருடைய கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்கிறவர். எந்தப் பிரச்சினைக்குப் போன் செய்தாலும் முதலில் "ரீஸ்டார்ட் பண்ணுங்கக்கா" என்பார். அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயரே ரீஸ்டார்ட். வயர்களைச் செருகிக்கொண்டே அம்மாவிடம் என்னென்னவோ விளக்கினார். நான் காதில் வாங்கவில்லை. அவருடைய சட்டையில் அந்த விளையாட்டின் படம் இருந்தது. என் கண் முழுக்க அதில்தான்.

"என்ன பாப்பா, நீயும் இந்தப் பைத்தியமா?" என்றார்.

"எங்க கம்ப்யூட்டர்ல ஓடுமாண்ணே?"

"நான் சொல்லி உன் மனச ஏன் நோகடிக்கணும்? அதைப் பாக்கறதுக்குன்னே ஒரு சின்ன புரோகிராம் இருக்கு. மெஷினுக்குள்ள துழாவிப் பாத்துட்டு, ஓடும் ஓடாதுன்னு அதுவே சொல்லிரும். அம்மாகிட்ட கேட்டுட்டுப் பாரு. சந்தேகம்னா எனக்கு மெசேஜ் போடு."

அவருடைய நம்பரை வாங்கி 'ரீஸ்டார்ட்' என்றே போட்டு வைத்துக்கொண்டேன். அம்மாவிடம் கேட்பதை மட்டும் மறந்துவிட்டேன். மறக்கவில்லை. கேட்டால் கூடாது என்பாள் என்று தெரியும்.

நேற்று சாயங்காலம் அம்மா வரைந்துகொண்டிருந்தாள். குளியலறையிலிருந்து அப்பா, "ஏய், சீக்கிரம் வா, வழுக்குது!" என்று அலறினார். அம்மா போட்டது போட்டபடி ஓடினாள். வழக்கமாக எழுந்திருக்கும்போது இரண்டு விரலால் டக்கென்று திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுவாள். நேற்று பூட்டவில்லை.

திரையில் எங்கள் மூன்று பேரின் படம் இருந்தது. அப்பாவின் மாவுக்கட்டில் நான் மீசை வரைந்த அன்று எடுத்தது. எங்கள் படம், எங்கள் மேஜை, எங்கள் கம்ப்யூட்டர். நான் உட்கார்ந்து அந்தப் புரோகிராமை இறக்கி ஓட்டினேன். ஒவ்வொரு வரியாகப் பச்சை விழுந்தது. கடைசியில் பெரிய எழுத்தில் வந்தது: 'இந்த விளையாட்டு உங்கள் கணினியில் உச்ச தரத்தில் ஓடும்.'

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. போனில் ஒரு படம் எடுத்து வகுப்பு குரூப்பில் போட்டேன். புரோகிராமை அழித்துவிட்டு, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்தேன். குண்டூசியின் பதில் உடனே வந்தது: "அடிப்பாவி, நெஜமாவா? லீவு நாள்ல நாங்க எல்லாரும் வர்றோம்."

இன்று பள்ளியில் நான்தான் ராணி. குண்டூசி தன் நாற்காலியையே எனக்குத் துடைத்துப் போட்டாள்.

மாலையில் அம்மா ஆபீஸ் வேலையை மூடிவிட்டு அப்பாவுக்கு மருந்து வாங்கப் போனாள். விளையாட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்க்கலாமே என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். அதே மூன்று பேர் படம். விமானம் கிளம்பியது. புரோகிராமை மறுபடி இறக்கி ஓட்டினேன். எல்லா வரியும் சிவப்பு. ஒரு வரிகூடப் பச்சை இல்லை.

தப்பாக ஓட்டிவிட்டேன் என்று நினைத்து இன்னொரு முறை ஓட்டினேன். சிவப்புதான். அப்போதுதான் ரீஸ்டார்ட் அண்ணன் அம்மாவிடம் சொன்னது காதுக்குள் எங்கிருந்தோ வந்தது. "வேலையெல்லாம் ஆபீஸ்ல இருக்கற உங்க மெஷின்லதான் நடக்கும்க்கா. வீட்டுப் பெட்டி அதோட திரையை இங்க காட்டும், அவ்வளவுதான்." அம்மா இரண்டு இடத்திலும் ஒரே படத்தை வைத்திருக்கிறாள். நேற்று நான் துழாவிப் பார்த்தது எங்கள் கம்ப்யூட்டரை இல்லை. அம்மாவின் ஆபீஸை.

எனக்கு முதலில் வந்த பயம் என்ன தெரியுமா? குண்டூசிக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அம்மா வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மேனேஜர் போன் செய்தார். கையில் மருந்துப் பை இருந்ததால் அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"நேத்து சாயங்காலம் உங்க மெஷின்ல கேம் சம்பந்தமா ஒரு புரோகிராம் ஓடியிருக்கு. மெஷின் விவரத்தையெல்லாம் வெளிய அனுப்பியிருக்கு. நீங்களா?"

"நானா? எனக்கு கேம்னா என்னன்னே தெரியாது சார்."

"வீட்ல வேற யாராவது?"

"நான் எழுந்தா பூட்டிட்டுத்தான் சார் எழுவேன். வீட்ல இவரு நடக்க முடியாம கெடக்கறாரு. பொண்ணு ஒருத்தி. கேக்காம ஒரு பேனாவக்கூட எடுக்க மாட்டா." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ தொட்டியாடி?"

"இல்லம்மா."

தும்மல் மாதிரி, நான் யோசிப்பதற்குள் வந்துவிட்டது.

"அப்ப நான் நெனச்சது சரிதான்" என்றார் மேனேஜர். "ஆபீஸ்ல உங்க மெஷின்கிட்ட போகக்கூடியவன் ஒருத்தன்தான். எல்லார் பாஸ்வேர்டும் அவன் கையில. பொழுதுக்கும் கேம் கேம்னு பேசறவனும் அவன்தான். காலைல மீட்டிங். நீங்க இப்ப சொன்னத அங்க சொன்னா போதும்."

"அவர் நல்ல மனுஷன் சார்."

"யாரு இல்லன்னா? கஸ்டமர் டிராயிங் இருக்கற மெஷின்ல விளையாடினவன எப்படிம்மா வெச்சுக்கறது?"

கொஞ்ச நேரத்தில் ரீஸ்டார்ட் அண்ணனே போன் செய்தார். அம்மா அதையும் ஸ்பீக்கரில்தான் போட்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து நீங்க எங்கயாவது எழுந்து போனப்ப, பாப்பா ஏதாவது தெரியாம..."

"வேலைக்கு ஆபத்துன்னதும் என் பொண்ணு மேல பழியப் போடறீங்களா? உங்கள தம்பி மாதிரி நெனச்சு மேனேஜர்கிட்ட நல்லவர்னு வேற சொன்னேன்!"

"பழியெல்லாம் இல்லக்கா. பாப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?"

"தாராளமா. நீங்களே கேட்டுக்கோங்க." அம்மா போனை என் கையில் திணித்தாள்.

அவர் அதட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரல் அன்றைக்கு வயர் செருகும்போது இருந்த மாதிரியே இருந்தது.

"பாப்பா, அந்த கேம் ஓடுமான்னு பாத்தியா?"

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லண்ணே. இன்னும் பாக்கல."



"சரி. பாத்தா சொல்லு" என்றார். "போய்ப் படி."

அவருக்குத் தெரியும். அந்தப் புரோகிராமை எனக்குச் சொன்னவரே அவர்தானே. 'நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்' என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் சாயம் வெளுத்திருக்கும். சொல்லவில்லை.

சாப்பிடும்போது அப்பா, "என்ன மேடம், சோத்தோட முறைச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றார். நான் அதற்கும் சிரித்து வைத்தேன். அம்மா சிரிக்கவில்லை. அவளுடைய இடது கை இரண்டு விரல் தட்டின் விளிம்பில் டக், டக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. திரையைப் பூட்டுகிற அதே தட்டு.

"பூட்டினேன்ல?" என்றாள், யாரிடமும் இல்லாமல். "பூட்டினேன். நீங்க கத்தினதும் எழுந்தேன்... பூட்டாம எழுந்திருப்பேனா?" பிறகு என்னிடம், "நீ ஏண்டி பேயறஞ்ச மாதிரி இருக்க? உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல விடமாட்டேன். சாப்பிடு" என்றாள்.



இதோ, போனில் அந்தப் படம். பச்சை எழுத்து, மூலையில் மணி, பின்னால் மாவுக்கட்டு மீசை. உற்றுப் பார்த்தால் கண்ணாடித் திரையில் என் முகமும் தெரிகிறது. ஈ என்று இளித்துக்கொண்டு, ஒரு கையில் போனோடு. வேறு சாட்சியே வேண்டாம்.

முதலில் குரூப்பில் எழுதினேன்: "அது எங்க கம்ப்யூட்டர் இல்ல. எங்களோடதுல ஓடாது. யாரும் வராதீங்க." குண்டூசி காலையில் பார்ப்பாள். பார்த்துவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

பிறகு படத்தை ரீஸ்டார்ட் அண்ணனுக்கு அனுப்பினேன். "பாத்துட்டேண்ணே. நான்தான். மீட்டிங்ல இதக் காட்டுங்க."

அவரும் தூங்கவில்லை போலிருக்கிறது. உடனே பார்த்துவிட்டார். எழுதுவதும் நிறுத்துவதுமாகக் கொஞ்ச நேரம் போனது.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அப்ப இத நான் பாக்கல. அங்க வர்றதுக்கு முன்னாடியே, பூட்டாம உட்டுட்டோம்னு அக்காவுக்குத் தெரியணும். அத நான் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்ல முடியாது பாப்பா."

ஒரு நிமிஷம் அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. என் வேலையை அவர் செய்துவிடுவார் என்றுதான் அனுப்பினேன் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது.

எழுந்துவிட்டேன். தரை ஜில்லென்று இருக்கிறது. அம்மாவுக்கு வீட்டு வேலை போய்விடலாம். அப்பாவை யார் பிடித்துக் குளிக்க வைப்பார்கள் என்று தெரியவில்லை. அம்மா இனிமேல் யாரிடமும், என் பொண்ணு பேனாவக்கூட எடுக்க மாட்டா என்று சொல்ல மாட்டாள். எல்லாவற்றையும்விட அதுதான் உடம்பைக் கூச வைக்கிறது.

கதவைத் தள்ளினேன். தொடக்கூட இல்லை, அம்மா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னடி? அப்பாவுக்கு என்ன?"

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லி, போனை அவள் கையில் வைத்தேன். "நேத்து நீ பூட்டலம்மா."

அம்மா அந்த வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறாள். பச்சை எழுத்தைப் பார்க்கிறாள். மணியைப் பார்க்கிறாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குகிறாள். என் முகம்தான் பெரிதாகிக்கொண்டே வருகிறது.