அடைப்புக்குறிக்குள் பொறுப்பு

எங்கள் செயற்பொறியாளர் பத்து நாள் பயிற்சிக்குக் கிளம்பும்போது நாற்காலியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். பயிற்சியின் தலைப்பு 'அதிகாரப் பகிர்வு'. சிரிக்காதீர்கள். உத்தரவில் ஒரே வரி: 'உதவிப் பொறியாளர், செயற்பொறியாளர் (பொறுப்பு) ஆக இருந்து அன்றாடப் பணிகளைக் கவனிப்பார்.'

அந்த அடைப்புக்குறி என் உயிரை வாங்கியது. முதல் நாள் ஒரு காகிதத்தில் அதைப் போட மறந்துவிட்டேன். அலுவலகக் கண்காணிப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டார்.

"அது இல்லாம போனா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க மேடம்."

நான்காம் நாள் காலை பாலம் மேற்பார்வையாளர் மூச்சிரைக்க வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் நடைபாலத்தின் நடுவே, தளத்தில் விரிசல். போன வாரம் விரல் நுழைந்ததாம், இன்று கையே நுழைகிறது.

"மூடிடுங்க மேடம். முந்நூறு பிள்ளைங்க நடக்குது."

மூடுவது அன்றாடப் பணியா? கண்காணிப்பாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"வெள்ளையடிக்கறது அன்றாடப் பணி. மூடறதப் பத்தி ஒண்ணும் இல்ல மேடம்."

பயிற்சியில் இருந்த பெரியவருக்கே போன் போட்டேன்.

"எதுக்கெடுத்தாலும் என்னையே கேட்டா உங்ககிட்ட எதுக்குப் பொறுப்பக் குடுத்தேன்?"

"அப்ப மூடிடறேன் சார்."

"அய்யய்யோ, அவசரப்படாதீங்க. நான் வந்து பாக்கறேன்."

"நீங்க வர இன்னும் ஆறு நாள் இருக்கே சார்."

"வகுப்பு ஆரம்பிச்சிடுச்சு." வைத்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே பாலத்துக்குப் போய், குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரிசலில் கையை விட்டேன். மணிக்கட்டு வரை போனது. அதற்குமேல் எந்தப் புத்தகத்தைப் புரட்டுவது? இரண்டு முனையிலும் தடுப்பு வைக்கச் சொல்லி, கைப்பிடிச் சுவரில் காகிதத்தை வைத்தே உத்தரவு எழுதினேன். அடைப்புக்குறியோடுதான்.

சாயங்காலம் பெற்றோர்கள் அலுவலகத்துக்கு வந்து கத்தினார்கள். சுற்றிப் போனால் இரண்டு கிலோமீட்டராம். பின்னாலேயே பெரியவரின் போன்.

"யாரக் கேட்டு மூடினீங்க? உடனே தொறங்க."

"எழுத்துல குடுங்க சார், தொறந்துடறேன்."

அவர் குரல் சட்டென்று இறங்கியது.

"தொறக்கறதெல்லாம் அன்றாடப் பணிதானேம்மா. நீங்களே பாத்துக்கங்க."

நான் திறக்கவில்லை.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அனுமதியின்றிப் பாலத்தை மூடியதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும், தவறினால் நடவடிக்கை. முகவரியைப் பார்த்தேன். 'செயற்பொறியாளர்' என்று மட்டும் இருந்தது. திட்டு வாங்க மட்டும் முழுப் பதவியையும் கொடுத்துவிட்டார்கள்.

கண்காணிப்பாளரிடம் காட்டினேன். "அடைப்புக்குறி இல்லையே. திருப்பி அனுப்பிடலாமா?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை நீட்டினார்.

"வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்து போடுங்க மேடம். பக்கத்துல 'பொறுப்பு'ன்னு மறக்காம எழுதிடுங்க."