வலிக்க வேண்டிய பல்

1.

இந்தக் கதை பிறந்தது ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில். பிறந்த நேரத்தில் என் வாய் திறந்திருந்தது. உள்ளே ஒரு சிறு கண்ணாடியும் இரண்டு விரல்களும் இருந்தன. வாய் திறந்திருப்பவனிடம் பேசுவது மருத்துவர்களுக்குப் பிடிக்கும் போலிருக்கிறது. குறுக்கே பேச மாட்டான் என்ற தைரியம். செத்த பல்லுக்குள் மறுபடி உயிர்ச்சதை வளர வைக்கப் பார்க்கிறார்கள் என்றார்.

"அதுல வேடிக்கை என்னன்னா, நோயாளி வலிக்குதுன்னு சொன்னாத்தான் டாக்டருக்குச் சந்தோஷம்."

"ஆ," என்றேன். அதற்கு மேல் சொல்ல வசதியில்லை.

அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் சொந்தச் சரக்கு. வரப்போகும் தையல்காரரும் டாக்டரம்மாவும் நான் உண்டாக்கியவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

2.

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) மழை விட்டிருந்த அந்த மாலையில், தையல்காரர் தன் கடையின் கதவை—

[வேண்டாம். பல்லுக்கும் மழைக்கும் என்ன உறவு?]

(ஆ) ஒவ்வொரு பல்லின் நடுவிலும் நூல்போல் ஒரு குழல் ஓடுகிறது. ரத்தமும் நரம்பும் கலந்த மென்சதை அதில் குடியிருக்கிறது. அது அழுகினால் பல் செத்ததற்குச் சமம். பிறகு அதற்குக் குளிரும் தெரியாது, சூடும் தெரியாது, ஆகவே மேற்படி பல்லானது—

[பாடப்புத்தக வாடை. ஆனால் விஷயம் இதுதான், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.]

(இ) தையல்காரருக்கு முன்பல் ஒன்று செத்து இரண்டு வருடம் ஆகிறது.

இது இருக்கட்டும்.

3.

தையல்காரருக்கு முன்பல் ஒன்று செத்து இரண்டு வருடம் ஆகிறது. இருபத்தெட்டு வருடமாக நூலைக் கடித்தே அறுத்தவர். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கும். பல் அதைவிடப் பக்கம். கடித்துக் கடித்துப் பல்லின் நுனியில் நூலுக்கென்றே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஒருநாள் பழைய பையொன்றின் ஜிப் சிக்கிக்கொள்ள, அதையும் பல்லால் இழுத்தார். பல் விரிசல் விட்டது. மெல்லச் சாம்பல் நிறமாகிச் சத்தமில்லாமல் செத்தது.

"ஜிப்பு இன்னும் கல்லு மாதிரி இருக்கு," என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

[மனைவிக்கு இந்தக் கதையில் இடமே ஒதுக்கவில்லை. இந்த ஒரு வரி சொல்ல வந்தவர், பிறகு கிளம்பவில்லை.]

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் டாக்டரம்மா ஆறு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஆறாவது ஆள் நம்மவர். பல்லின் உள்ளே சுத்தம் செய்து, வேர் நுனிக்குக் கீழிருந்து துளி ரத்தம் மேலே ஏறும்படி செய்து, அதன்மேல் வளர்ச்சியைத் தூண்டும் பசையை வைத்து மூடினார். ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். உள்ளே சதை வளர்ந்து, அதோடு நரம்பும் வந்து சேர்ந்திருந்தால், குளிர்ந்த பஞ்சை வைத்ததும் சுரீர் என்னும்.

"பல்லு எப்படி இருக்கு மாஸ்டர்?" என்று ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா கேட்பார், பள்ளிக்கூடம் போன பிள்ளையை விசாரிப்பதுபோல. அதிலேயே தையல்காரர் கரைந்துவிட்டார்.

4.

சோதனைக்கு முந்தின வாரம், மருத்துவமனை உதவியாளர் அவரை மாடிப்படியில் மடக்கினார்.

"மாஸ்டர், உங்களத்தான் மலைபோல நம்பியிருக்கோம். அஞ்சு பேருக்குப் பஞ்சு வெச்சாச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல. உங்களுக்கும் தெரியலன்னா ஆராய்ச்சிய மூட்டை கட்டச் சொல்லிட்டாங்க மேலிடத்துல."

"டாக்டரம்மா என்ன சொல்றாங்க?"

"என்ன சொல்வாங்க, சிரிக்கிறாங்க. நாலு வருஷ உழைப்பு."

[உதவியாளரைச் சூழ்ச்சிக்காரராக்க நினைத்தேன். மூன்று முறை எழுதியும் ஆள் வெறும் ஓட்டைவாயாகவே வந்தார். விட்டுவிட்டேன்.]

வீட்டுக்கு வந்த தையல்காரர் மனைவியிடம் முடிவைச் சொன்னார்: வலிக்கிறதோ இல்லையோ, வலிக்கிறது என்று சொல்லிவிடுவது.

"சொன்னாப் போதுமா? எங்க, செஞ்சு காட்டுங்க."

"ஐயோ! அம்மா!"

"பல்லு கூசுறதுக்கா இந்தச் சத்தம்? கால்ல லாரி ஏறினாப்ல!"

"ஸ்ஸ்ஸ்..."

"இது காரத்தைத் தின்னவன் போடுற சத்தம்."

"அப்போ நீயே சொல்லித் தொலை."

மனைவி சமையலறைக்குப் போனார். பனிக்கட்டித் துண்டு ஒன்றை எடுத்துக் கணவரின் நல்ல பல்லில் ஒட்டினார். தையல்காரர் நாற்காலியோடு ஒரு முழம் பின்னால் போனார்.

"இதுதான். இதையே அங்க செய்யுங்க."

"பொய் இல்லையா இது?"

"உங்க வாய், உங்க பல்லு. யாருக்கு நஷ்டம்?"

[இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டு நாள் பேனாவை மூடி வைத்தேன். பதில் டாக்டரம்மாவிடம் இருந்தது.]

5.

சோதனை நாள். டாக்டரம்மா முதலில் பக்கத்து நல்ல பல்லில் குளிர்ந்த பஞ்சை வைத்தார். தையல்காரர் துள்ளினார், அது நேர்மையான துள்ளல். அடுத்து, செத்த பல். குச்சி நுனியில் பஞ்சு வந்தது. தையல்காரர் ஒத்திகைப்படி எல்லாவற்றையும் செய்தார்: தோள் ஏறியது, கண் மூடியது, கால் போய் முக்காலியை உதைத்தது. உதவியாளரின் முகம் மலர்ந்தது.

டாக்டரம்மா குச்சியைக் கீழே வைத்தார்.

"மாஸ்டர், இது வெறும் பஞ்சு. குளிரே இல்ல."

உதவியாளர் குனிந்து, விழுந்த முக்காலியை நிமிர்த்தி வைத்தார்.

"ஏன் மாஸ்டர்?"

"உங்களுக்காகத்தாம்மா."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றது. "நீங்க தெரியுதுன்னு சொன்னா, அதை நம்பி அடுத்து அறுபது பேரோட பல்லைத் திறப்பேன். அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா இன்னொரு குச்சியை எடுத்தார். இந்தத் தடவை குளிர்ந்தது. வைத்தார்.

தையல்காரர் அசையவில்லை. நல்ல பல்லின் சுரீர் இல்லை இது. அடுத்த தெருவில் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல, கேட்டும் கேட்காமலும் ஒன்று. வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்? சொல்லாமல் விட்டால் அதுவும் பொய்தானே?

"டாக்டரம்மா... இப்ப ஏதோ தெரியுது."

"மாஸ்டர்!"

"சத்தியமா."

"போன தடவை முக்காலியே விழுந்துச்சு."

6.

இங்கே எனக்கு முடிவுகள் வரிசையில் நின்றன.

முடிவு ஒன்று: படம் எடுத்துப் பார்க்கிறார்கள், பல்லுக்குள் புதுச்சதை பளிச்சென்று தெரிகிறது, எல்லோரும் கைகொட்டி—

முடிவு இரண்டு: மனைவி பாய்ந்து உள்ளே வந்து, "எங்க வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது, வந்திருந்தா மாட்டியிருப்பாரா?" என்று வாதாட, டாக்டரம்மா மனமிரங்கி—

இரண்டையும் அடித்தேன். அடித்த பிறகுதான் உறைத்தது: உங்களைச் சந்தோஷப்படுத்த நானும் முக்காலியை உதைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே டாக்டரம்மாவே ஒரு வழி சொல்கிறார். பத்துத் தடவை பஞ்சு வைப்பது. சில குளிர்ந்தவை, சில வெறும் பஞ்சு. வைப்பவர் உதவியாளர்; எதை எப்போது என்பது அவர் இஷ்டம். டாக்டரம்மா பார்த்தால் அவர் மூச்சே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவர் சுவரைப் பார்த்து நிற்பார். தையல்காரர் கண்ணை மூடிக்கொள்வார். குளிர் தெரிந்தால் கையைத் தூக்கலாம், வேறு நடிப்பு கூடாது. பத்துக்கு ஒன்பது சரியாக வந்தால் ஆராய்ச்சி தொடரும். எட்டென்றால் மூட்டை கட்டுவதுதான்.

முதல் தடவை, குளிர். கை எழுந்தது. இரண்டாவது, வெறும் பஞ்சு. கை மடியிலேயே இருந்தது. மூன்றாவதும் வெறும் பஞ்சு; கை எழுந்துவிட்டது.

"பழக்கதோஷம்!" என்றார் துணைக்கு வந்து வாசலில் நின்ற மனைவி. அவரை நடைக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

நான்கு முதல் ஒன்பதுவரை அத்தனையும் சரி.

எட்டு சரி, ஒன்று தவறு. மிச்சம் ஒன்று.

7.

உதவியாளர் பத்தாவது குச்சியை எடுக்கப் போகிறார். அவரை நம்ப முடியாது. பாசத்தில் இருமிக்கூடக் காட்டுவார். என்னையும் நம்ப முடியாது, மேலே பார்த்தீர்கள். தையல்காரரை இன்றுவரை பார்த்திராத ஆள் நீங்கள் ஒருவர்தான்.

எழுந்து வாருங்கள். மேசையில் இரண்டு தட்டுகள் இருக்கின்றன: இடப்பக்கம் குளிர்ந்த பஞ்சு, வலப்பக்கம் வெறும் பஞ்சு. நான் திரும்பிக்கொள்கிறேன். ஒன்றை எடுங்கள்.

டாக்டரம்மா வெறும் சுவரைப் படிப்பதுபோல் நிற்கிறார். அவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை, தெரியும். அந்த ஆசை குச்சி நுனிவரை இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சுச் சத்தம்கூட வேண்டாம்.

மேலுதட்டை மெல்ல விலக்குங்கள். பள்ளம் விழுந்த பல், அதுதான்.

வையுங்கள். இப்போது அவர் கையைப் பாருங்கள்.