குழாய்க்குக் கீழே ஒரு கூண்டு

கிறிஸ்துமஸ் சூப்புக்காகத் தன் குளத்து ஆண் கெண்டையின் வயிற்றைக் கீறிய ஓல்ட்ரிஷ், கத்தியைக் கீழே வைத்துவிட்டான். வெண்ணெய் போல வழுவழுப்பாக இருக்க வேண்டிய விந்துப்பையில் கசகசா தூவியது போலச் சினை மணிகள்.

"என்ன, விரலை அறுத்துக்கிட்டியா?" என்றாள் அவன் மனைவி பிளாங்கா, அடுப்பைப் பார்த்தபடி.

"ஆண் மீனுக்குள்ள முட்டை இருக்கு."

"நல்லதாப் போச்சு. சூப்புக்கு விந்துப்பை, முட்டை ரெண்டும்தானே வேணும்." திரும்பி அவன் முகத்தைக் கண்டதும் அவள் சிரிப்பு நின்றது.

சில வருடங்களாகவே அவர்கள் குளத்தில் மீன் முட்டைகள் குஞ்சு பொரிக்கவில்லை. நகரத்துக் கழிவுநீர்க் குழாய் விழும் ஓடைதான் குளத்துக்கு நீர். குழாய்தான் காரணம் என்று காட்டிவிட்டால் நகராட்சி அதை வேறு பக்கம் திருப்பும். இல்லையென்றால் குளத்தை விட்டுப் போக வேண்டியதுதான். அதற்காகத்தான் கோடை முடிவில் மீன் ஆய்வாளர் ரெனாத்தா குழாய்க்குக் கீழே ஒரு கூண்டை இறக்கி, அதில் ஆண் கெண்டைகளை விட்டுப் போனார்.

"முட்டையோட மஞ்சள் கருவுக்கான புரதம் பெண் மீன் ரத்தத்திலதான் ஊறும். ஆணுக்கு ஊறினா, தண்ணியில பெண் ஹார்மோன் மாதிரி என்னமோ கலந்திருக்குன்னு அர்த்தம்" என்று அவர் சொல்லியிருந்தார்.

சில வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது அந்தப் புரதம் இல்லை. நகராட்சிக் கூட்டத்தில் அவர் எழுதிய அறிக்கையை வாசித்தார்கள். குழாய் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று முடிவாயிற்று.

பண்டிகை கழிந்து ரெனாத்தா வந்தார். பனிக்கட்டியில் வைத்திருந்த விந்துப்பையை வெகுநேரம் பார்த்தார்.

"குளத்து மீன் இப்படி இருக்கு. கூண்டு மீன் மட்டும் எப்படித் தப்பிச்சது? கூண்டை யாராவது தொட்டாங்களா?"

"நான்தான் தொட்டேன், டாக்டரம்மா. நீங்க போன மறுநாளே மீனெல்லாம் மேல வந்து மூச்சுக்கு வாயைப் பிளந்துச்சு. குழாய்க்கு மேற்பக்கம், கழிவு கலக்காத நல்ல தண்ணியில கூண்டைத் தூக்கி வெச்சேன். நீங்க வர்ற அன்னைக்குக் காலையில திரும்ப இறக்கிட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"மீனைக் காப்பாத்துறதைப் போய் யாராவது சொல்லிக்கிட்டு இருப்பாங்களா?"

"என் பிள்ளைங்களைக்கூட இவ்வளவு பதமாத் தூக்கினதில்ல, இந்த மனுஷன்" என்றாள் பிளாங்கா.

ரெனாத்தா கையுறையைக் கழற்றினார். "அறிக்கையை நான் திரும்ப வாங்கிக்கிறேன். ஆனா இந்த ஒத்தை மீனைக் காட்டினா ஒத்துக்க மாட்டாங்க. தண்ணி சூடேறினதும் மறுபடி கூண்டு போடணும். செத்தாலும் நீங்க தொடக்கூடாது."

வசந்தம் முற்றியதும் ஓல்ட்ரிஷ் வேறொரு பண்ணையிலிருந்து கெண்டைகளைக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றின் வயிற்றையும் மெல்ல அழுத்தி, விந்துப் பால் கசிந்த ஆண்களை மட்டும் எடுத்து ரெனாத்தாவிடம் நீட்டினான். அவர் அவற்றைக் கூண்டில் விட்டார்.

மறுநாள் காலை மீன்கள் மேலே வந்து மூச்சுக்கு வாயைப் பிளந்தன. ஒன்று ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. மேற்பக்கம் நல்ல தண்ணீர், கை எட்டும் தூரம்.

"பாக்காத, ஓல்ட்ரிஷ். உள்ள வா" என்று பிளாங்கா கூப்பிட்டாள்.

அவன் ஓடையில் இறங்கினான். கூண்டின் மூடியைத் தொட்டான். பிறகு மூடியைக் கட்டியிருந்த கம்பியை இன்னொரு சுற்று முறுக்கி இறுக்கிவிட்டுக் கரையேறினான்.