சீனி போடாத தேத்தண்ணி

அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் அந்த நீலக் கொப்பியைத் தள்ளிக்கொண்டிருந்தபோதே வாசலில் டொக்டர் கைரியாவின் குரல் கேட்டுவிட்டது. கொப்பிக்குத்தான் வந்திருக்கிறார் என்று கஜலட்சுமி அதை இன்னும் உள்ளே தள்ளினாள்.

கட்டுக்கலை வீட்டின் கூடத்தில், சவப்பெட்டிக்குள் அவள் புருஷன் ஸ்ரீதரன் படுத்திருந்தார். மாநகர சபையில் முப்பத்தொரு வருடம் கிளாக்கர் வேலை. அடுத்தவர் வீட்டுக் கலியாணப் பத்திரிகையில் பிழை கண்டால்கூடப் பேனையை எடுத்துத் திருத்திவிடுகிற மனுஷன். மூளையில் கட்டி என்று தெரிந்ததும் டொக்டரின் ஆராய்ச்சியில் தாமாகவே சேர்ந்துகொண்டார். சாப்பாட்டில் சீனியை நிறுத்தினால் கட்டியின் வளர்ச்சி மட்டுப்படுமா என்று பார்க்கிற ஆராய்ச்சி அது. அவர் தின்பது குடிப்பது எல்லாவற்றையும் மனைவி தினமும் கொப்பியில் எழுத வேண்டும். அவளும் எழுதினாள்: 'தேத்தண்ணி, சீனி இல்லை.' ஏழு மாதமும் அதே வரி. அத்தனையும் பச்சைப் பொய்.

மூன்று கரண்டி சீனி போட்டுக் குடித்தவர் அவர். கலியாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாவியைச் சுற்றி நடந்துவிட்டு, பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு சைவக் கடையில் போய் உட்காருவார்கள். குடித்து முடித்ததும் கிளாஸின் அடியில் கரையாமல் கிடக்கும் சீனியை விரலால் வழித்து நக்குவார். "ஐயோ, ஆளுங்க பாக்கிறாங்க" என்று அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். ஆனாலும் அவர் அப்படி நக்குவதைப் பார்ப்பதற்காகவே மறுவாரமும் அந்தக் கடைக்குப் போவோம் என்பாள். என்ன நாட்கள் அவை! அப்படிப்பட்டவர் வெறும் தேயிலைச் சாயத்தைக் கஷாயம்போல விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டாம் நாளே ஒரு கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

அந்த ஒரு கரண்டிதான் அவரைக் கொண்டுபோய்விட்டதோ என்று, நேற்று அவர் கண்ணை மூடியதிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது.

கைரியா பெட்டியருகே சற்று நேரம் நின்றுவிட்டு அறைக்குள் வந்தார். மறைக்கத்தான் நினைத்திருந்தாள். டொக்டரின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. கொப்பியை இழுத்து நீட்டினாள்.

"டொக்டர், இதுல இருக்கிறது பொய். தெனமும் நான் சீனி போட்டுத்தான் குடுத்தேன். நானே அவரக் கொன்னுட்டேனா?"

கைரியா கதிரையில் உட்கார்ந்தார்.

"தெரியும் அக்கா. கிளினிக்குக்கு வாற ஒவ்வொரு முறையும், நீங்க மருந்தெடுக்கப் போனதும் அவரே சொல்லுவார். 'ஒரு கரண்டி சீனின்னு எழுதிக்கங்க டொக்டர், ரெக்கோட் பிழையா இருக்கக்கூடாது. ஆனா அவகிட்ட கேட்டுறாதீங்க. கேட்டா அந்தத் தேத்தண்ணி நின்னுரும்'னு."

சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் கஜலட்சுமிக்கு ஏதோ ஒன்று பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப அந்த ஒரு கரண்டி, டொக்டர்?"

"அதால கூடிச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா அதுவும் பொய்யாயிரும். ஆனா அந்தக் கட்டி ஆரம்பத்துலயே மோசமானது அக்கா."

பக்கத்து வீட்டுப் பாப்பம்மா கதவோரம் வந்து நின்றாள்.

"கஜா, மயானத்துல குடுத்த நேரம் ஆகுதாம். பெட்டிய மூடப் போறாங்க, வாம்மா."

"ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லுங்க, பாப்பம்மாக்கா."

ஸ்ரீதரனின் சட்டைப் பையிலிருந்து எடுத்துவைத்த பேனையைத் தேடிப் பிடித்தாள். நேற்றைய பக்கம் வெறுமையாக இருந்தது; உயிர் பிரியுமுன் அவர் வாயில் அவள் சொட்டுச் சொட்டாக விட்ட தேத்தண்ணியை இன்னும் எழுதவில்லை. நின்றபடியே எழுதினாள்:

'காலை. தேத்தண்ணி, நாலு சொட்டு. சீனி, மூன்று கரண்டி.'