போணியாகாத சீத்தாப்பழம்

இரண்டு நாளாக முதுகு ஒடியத் தரை தேய்த்ததெல்லாம் வீண். ஹனோயிலிருந்து விமானம் ஏறி வந்த மாப்பிள்ளையின் அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே, "வீடு எங்கயும் ஓடிடாதுங்க. உங்க சந்துல சாப்பாடு நல்லா இருக்குமாமே? வெயில் ஏறுறதுக்குள்ள நடந்தே ஒரு சுத்து போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடலாமா?" என்றாள்.

பெண்ணின் அம்மா மியென் வேறு வழியில்லாமல் தலையாட்டினாள். வீட்டுக்குள் என்றால் தேநீர், தட்டில் பழம், நாலு நல்ல வார்த்தை என்று சமாளித்துவிடலாம். சந்துக்காரர்களை அப்படிச் சமாளிக்க முடியுமா? சைகோனின் நான்காவது வட்டாரத்தில் அந்தச் சந்தின் வாய்க்குப் பயந்து தபால்காரன்கூட கடிதத்தை வீசிவிட்டு ஓடுவான். அந்த வாய்களிலும் பெரிய வாய் மியெனுடையது. சாயங்காலமானால் சந்து முனையில் நத்தை வறுத்து விற்பவள் அவள். காசு தராமல் நழுவப் பார்த்த ஒருவனை அவள் திட்டிய திட்டில், அவன் பிறகு அடுத்த தெரு வழியாகத்தான் வேலைக்குப் போகிறான் என்று பேச்சு.

ஆனால் இன்றைக்கு அவள் வாய்க்குப் பூட்டு. பூட்டுப் போட்டவள் மகள் தியெம். வங்கியில் வேலை பார்க்கிற தியெமுக்கும் அதே வங்கியில் இருக்கிற ஹனோய்ப் பையன் ஹியூவுக்கும் கல்யாணம் பேசியாகிவிட்டது. பையனின் அம்மா தொவான் ஓய்வு பெற்ற ஆசிரியையாம். அவள் வந்து பெண் வீட்டைப் பார்த்துத் தலையாட்டினால்தான் நாள் குறிப்பார்கள். "அம்மா, கத்தாதே. கெட்ட வார்த்தை வேணாம். நத்தை விக்கிறேன்னு மட்டும் சொல்லிடாதே, கடல் உணவுத் தொழில்னு சொல்லு" என்று உருவேற்றிவிட்டுத்தான் மகள் மாப்பிள்ளையோடு கல்யாணப் படம் எடுக்கப் போயிருந்தாள்.

இப்படி ஏதாவது நடக்கும் என்று மியெனுக்கு உள்ளுக்குள் உதைத்ததால், முந்தின சாயங்காலமே கடை கடையாகப் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருந்தாள். "டீச்சரம்மா வர்றாங்க. ஒரே ஒரு காலைக்கு வாயைக் கழுவிட்டு உக்காருங்கடா. என் பொண்ணு வாழ்க்கை."

கெஞ்சியது பலித்தது. பலித்த விதம்தான் பயங்கரமாக இருந்தது.

நொய்யரிசிச் சோறும் சுட்ட பன்றி விலாவும் விற்கிற லொய், பனியனோடு நின்று வாடிக்கையாளர்களை 'டேய்' போட்டுக் கூப்பிடுகிறவன். இன்றைக்கு இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் அடுப்புப் பக்கத்தில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். "வாங்கம்மா, உக்காருங்கம்மா. விலா கொஞ்சம் கருகலா பிடிக்குமாங்கம்மா?" என்று குனிந்தான். பக்கத்தில் தின்றுகொண்டிருந்தவன், "உனக்கு என்னடா ஆச்சு, காய்ச்சலா?" என்று கேட்டான். லொய் அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, "சாப்பிடுங்க சார்" என்றான். சார் என்ற சொல்லைக் கேட்டதும் அந்த ஆளுக்குப் புரையேறிவிட்டது.

தொவான் பட்டு ஆவ்சாய் நீள அங்கியின் நுனியை மடியில் ஒடுக்கிக்கொண்டு, முழங்கால் உயரப் பிளாஸ்டிக் முக்காலியில் நேராக உட்கார்ந்து, கொக்கு கொத்துகிற மாதிரி ஒவ்வொரு பருக்கையாக எடுத்தாள். "நல்லா இருக்கு. கொஞ்சம் இனிப்பு" என்றாள். அடுத்த கடையில் சின்னக் கிண்ணத்தில் வெந்த அரிசி அப்பம், மேலே இறால் தூள். "நல்லா இருக்கு. கொஞ்சம் இனிப்பு." ஐஸ் போட்ட காப்பிக்கும் அதேதான். தெற்கத்திக்காரர்கள் மீன் குழம்பிலும் சீனி போடுவார்கள் என்று வடக்கத்திக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சலித்துக்கொள்வது மியெனுக்குத் தெரியாததா? வேறு எவளாவது சொல்லியிருந்தால், 'அப்ப உப்பை நக்கிட்டுப் போடி' என்றிருப்பாள். இன்றைக்கு, "ஆமாங்க, கொஞ்சம் தூக்கலாத்தான் போட்டுட்டாங்க" என்றாள். சொல்லி முடித்ததும் தன் நாக்கைத் தானே கடித்துத் துப்பிவிடலாம் போலிருந்தது.

"நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்று தொவான் கேட்டாள்.

"கடல் உணவுங்க."

"ஓ. ஏற்றுமதியா?"

"சந்து முனை வரைக்கும் போகும்" என்றாள் மியென். தொவான் மரியாதையாகத் தலையாட்டினாள்.

இப்படியே வீடு போய்ச் சேர்ந்திருந்தால் கல்யாணம் சுமுகமாக முடிந்து, இரண்டு குடும்பமும் காலம் முழுக்க ஒன்றுக்கொன்று பொய் பேசி வாழ்ந்திருக்கும். ஆனால் நடுவில் துயெத்தின் பழக்கடை இருந்தது.

துயெத் அப்போதுதான் கூடையைத் திறந்திருந்தாள். மற்ற நாளில் கோழி கூவும்போதே கடை போடுகிறவள், மியென் சொன்னாளே என்று தலைக்குக் குளித்து, உதட்டுச் சாயம் பூசி, வீட்டிலிருந்த ஒரே நல்ல மேசை விரிப்பைத் தேடி எடுத்து வருவதற்குள் பொழுது ஏறிவிட்டது. இன்னும் போணியே ஆகவில்லை. முதலில் வந்து நிற்பவரின் கால் ராசிதான் அன்றைய வியாபாரம். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனால் அன்றைக்கு முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான்.

சீத்தாப்பழத்தைப் பார்த்ததும் தொவானின் கை தானாக நீண்டது. இவ்வளவு நேரமும் மடியில் அடக்கமாக இருந்த கை அது. ஒரு பழத்தை அழுத்தினாள். அடுத்ததையும் அழுத்தினாள். கூடையில் ஒன்று பாக்கி விடாமல் விரலால் நெருடினாள். சீத்தாப்பழம் என்ன கல்லா? நெருடிய இடமெல்லாம் பள்ளம் விழுந்தது. துயெத்தின் கண் பிதுங்கியது.

"எவ்வளவு?"

துயெத் சொன்னாள். தொவான் அதில் பாதி சொன்னாள்.

"கட்டாதுங்கம்மா" என்றாள் துயெத், பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து.

"சரி, அப்ப வேணாம்" என்று தொவான் திரும்பி நடந்தாள். மியென் திரும்பித் திரும்பிப் பார்த்து, கண்ணாலேயே துயெத்தைக் கும்பிட்டபடி பின்னால் போனாள்.

வாங்க வருகிறவர் நாலு அடி நடப்பதும், கடைக்காரி கூப்பிடுவதும் பேரத்தில் சகஜம்தான். துயெத் கூப்பிடவில்லை. வாயைத் திறந்தால் என்ன வந்து விழுமோ என்று அவளுக்கே பயம். அதனால் சத்தமில்லாமல் ஒரு பழைய செய்தித்தாளைச் சுருட்டித் தீக்குச்சி கிழித்துக் கொளுத்தி, பழக்கூடைக்கு மேலே பிடித்து ஆட்டினாள். "நல்ல ராசி நில்லு, கெட்ட ராசி ஓடு" என்று முணுமுணுத்தாள். பீடை பிடித்த வாடிக்கையாளர் போன பிறகு எவளும் செய்கிற காரியம்தான்.

யாரும் கூப்பிடவில்லையே என்று தொவான் திரும்பினாள். பார்த்துவிட்டாள்.

அது யாருக்காக எரிகிற தாள் என்று ஹனோய்க்காரிக்குச் சொல்லித் தரவா வேண்டும்? குடி முழுகிப் போச்சு என்று மியெனுக்குப் புரிந்தது. மகளின் முகம் கண்முன் வந்தது. உடனே காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாகப் பொத்துக்கொண்டது.

"அடி பாவி! நாசமாப் போறவளே! சம்பந்தம் பேச வந்தவங்களுக்குப் பின்னாலயாடி பீடை எரிப்ப? உனக்குப் புத்தி எங்கடி போச்சு?"

"எனக்கா புத்தி இல்ல?" துயெத் எரிகிற தாளோடு எழுந்தாள். "குளிடி, சாயம் பூசுடின்னு நீ படுத்தின பாட்டுலதான் இன்னும் போணி ஆகல! பழத்தைப் பாரு, எல்லாத்தையும் கசக்கிட்டுப் போறாங்க உன் டீச்சரு! நத்தை விக்கிறவளுக்குப் பழத்தோட அருமை எங்க தெரியப்போகுது!"

நத்தை! மியெனுக்குக் காது அடைத்துப்போனது. பதிலுக்கு அவள் வாயைத் திறப்பதற்குள் இருவருக்கும் நடுவில் ஒரு குரல் இடித்தது.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கடி!"

லொய் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டான். அப்படி ஒரு குரலை அந்தச் சந்தே கேட்டதில்லை. தொவானுடையது.

"இதுதான் நீ பீடை எரிக்கிற லட்சணமா? விசிறி வீசுறியா, கொசு விரட்டுறியா?" துயெத்தின் கையிலிருந்து தாளைப் பிடுங்கித் தரையில் போட்டாள். "பொம்பள கால் ராசின்னா ஒம்பது தடவை தீயைத் தாண்டணும். ஆம்பளைன்னா ஏழு. எண்ணாம எரிச்சா பீடை கூடையிலயே குந்திக்கும். போணி ஆகலன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இந்நேரத்துக்கு எங்க ஊர்ல கடையே பாதி காலியாயிடும்!"

சொல்லிக்கொண்டே பட்டு ஆவ்சாயை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தன் பீடையைத் தானே கழிக்க அந்த நெருப்பைத் தாண்டத் தொடங்கினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எண்ணி எண்ணி. சந்து வாய் பிளந்து பார்த்தது. ஒன்பதாவது தாண்டலில் மூச்சு வாங்கி நின்று, "கூடையோட குடு. நீ சொன்ன விலைதான். போணின்னு தெரிஞ்சிருந்தா ஒருத்தி பேரம் பேசுவாளா?" என்றாள்.

மியென் மெதுவாக, "நீங்க... டீச்சர்தானே?" என்று கேட்டாள்.

"என்ன டீச்சர்? வாத்து வெட்டுறவ நான்." தொவான் தன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். விரலெல்லாம் பழைய வெட்டுத் தழும்பு. "என் புருஷன் போனதுக்கப்புறம் வாத்து வித்துத்தான் ஹியூவைப் படிக்க வச்சேன். பொண்ணு வீட்டுல டீச்சர்னு சொல்லியிருக்கேன், காட்டிக் குடுத்துடாதம்மான்னான். காலையிலேர்ந்து பருக்கை பருக்கையாப் பொறுக்கி என் வயிறு காயுது."

மியெனுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. இத்தனை நாளும் மகள் தன்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்பதை அவள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. மரியாதைக்காகச் சொல்கிறாள், பெரிய இடத்துக்காகச் சொல்கிறாள் என்று சாக்குப் போக்குச் சொல்லித் திரிந்தாள். இப்போது எதிரில் இன்னொருத்தி அதே அடி வாங்கி நின்றபோது வலித்தது. நன்றாகவே வலித்தது.

"நானும் நத்தைதான் விக்கிறேன்" என்றாள்.

"சந்து முனை வரைக்கும் ஏற்றுமதி" என்றாள் தொவான்.

அந்த நேரம் பார்த்து மியெனின் கைப்பேசி அடித்தது. தியெம். "அம்மா, எல்லாம் நல்லபடியா போகுதா? எதுவும் கத்தலையே?"

மியென் பதில் சொல்வதற்குள் தொவான் அதை வாங்கினாள். "ஹியூ பக்கத்துல இருக்கானா? காதுல குடும்மா. டேய்! கல்யாண மேடையில மைக் பிடிச்சுப் பேசுறவன்கிட்ட என்னை என்னன்னு சொல்லப்போற?"

"அம்மா... ஓய்வு பெற்ற..."

"மாத்து. வாத்துக்காரின்னு சொல்லச் சொல்லு. சொல்லலன்னா நான் மேடை ஏற மாட்டேன். இந்தா, இங்க ஒருத்தங்களும் பேசணுமாம்."

கைப்பேசி மியெனின் கைக்கு வந்தது. மறுமுனையில் அது மகளிடம் திரும்பியிருந்தது.

"தியெம்" என்றாள் மியென். "உங்கம்மா நத்தை விக்கிறவடி. அதையும் அதே மைக்ல சொல்லணும்!"

சந்தின் அந்தக் கோடி வரை கேட்டது. மகள் அழுகிற குரலில், "அம்மா, ப்ளீஸ், கொஞ்சம் மெதுவாப் பேசேன். எல்லாரும் கேட்டுட்டு இருப்பாங்க" என்றாள்.

தொவான் மியெனின் தோளைப் பிடித்தாள். "மெதுவா எதுக்கு? இன்னும் சத்தமா சொல்லுங்க, சம்பந்தி" என்றாள்.